வாறேன் என்று போனவர்

என் கணவர் கெட்டவராக இருந்தால்தான் எனக்கு விவாகரத்துக் கிடைக்கும் என்று சட்டத்தரணி சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்டி நகரத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்த அவருடைய அலுவலகத்தில் நானும் அக்காவும் உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேருமாகப் போய், 'எங்களுக்கு ஒத்துவரவில்லை, பிரித்து விடுங்கள்' என்று கேட்க இந்த நாட்டுச் சட்டத்தில் இடமில்லையாம். யாராவது ஒருவர் பிழை செய்திருக்க வேண்டும். அதுவும் நாம் நினைத்த பிழை சரிவராது. சட்டத்துக்கென்று சில பிழைகள் உண்டு. அவர் அவற்றை விரல் மடக்கிச் சொன்னார்: வேறு பெண் தொடர்பு, ஆண்மை இல்லாமை, வன்மமாகக் கைவிட்டுப் போதல்.

"இதுல எது தங்கச்சி ஒங்கட மாப்புளக்கி சரிவரும்?" என்று, சேலைக் கடையில் மூன்று நிறத்தை விரித்துப் போட்டுக் கேட்பதுபோலக் கேட்டார்.

முதலாவது நடக்காத காரியம். கறியில் உப்புக் குறைந்தால் மட்டுமே என் முகத்தை நிமிர்ந்து பார்க்கும் மனிதர், இன்னொரு பெண்ணை எங்கே பார்ப்பது? இரண்டாவதை அக்காவை அருகில் வைத்துக்கொண்டு யோசிக்கக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆகவே மூன்றாவதை எடுத்துக்கொண்டோம்.

ஆனால் அந்த 'வன்மம்' என்ற சொல் என்னை உறுத்தியது. அவர் கொசுவை அடித்துவிட்டு "பாவம்" என்பவர். சட்டத்தரணி சாட்சிக்கு ஒத்திகை பார்த்தபோது நானும் அப்படியே ஆரம்பித்தேன். "பாவம் சேர், அவரு..."

அவர் பேனாவை மேசையில் வைத்தார். "இந்த பாவம்ங்கிற சொல்ல கோட்டுக்குள்ள எடுக்க வேணாம். கேட்டத்துக்கு மட்டும் பதில் செல்லுங்க. கூடச் செல்லப் போனா வில்லங்கம்." 'சொல்லு' என்பது அவருடைய பேச்சில் 'செல்லு' ஆகிவிடும்.

நடந்தது இவ்வளவுதான். கலியாணம் முடித்து மூன்று வருடம் அம்பிட்டியவில் ஒன்றாக இருந்தோம். சண்டை கிடையாது. பேச்சும் அதிகம் கிடையாது. ஒரு நாள் காலையில் அவருடைய அப்பா விழுந்துவிட்டார், புசல்லாவைக் கடையைப் பார்க்க ஆளில்லை என்று போன் வந்தது. ஒரு பையில் துணி எடுத்துக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டியபடி, "போயிட்டு வாறேன்" என்றார். அப்பா எழுந்து நடக்கத் தொடங்கி, கடையில் உட்கார்ந்து, பழையபடி ஆட்களை ஏசவும் ஆரம்பித்துவிட்டார். இவர் மட்டும் நான்கு வருடமாக வரவில்லை. போன் எடுத்துக் கேட்டால் "வாறேன், வாறேன்" என்பார். கோபமாகச் சொல்லமாட்டார். அவ்வளவு அன்பாகச் சொல்வார்.

நான் ஒரு தனியார் லேபில் இரத்தம் எடுக்கிறவள். நாள் முழுக்க ஆட்களிடம் "வலிக்காது, வலிக்காது" என்று சொல்லியே பிழைக்கிறேன். அதனால் அன்பாகச் சொல்லப்படும் பொய் எனக்குப் புதிதல்ல. ஆனாலும் அவருடைய 'வாறேன்' பொய்யா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஞாயிறுதோறும் அவருக்குப் பிடித்த கட்டாக் கருவாடு வாங்கி வைப்பேன். எனக்கு அந்த மணமே ஆகாது. வாரக் கடைசியில் அது பக்கத்து வீட்டுப் பூனைக்குப் போகும். அந்தப் பூனை கொழுத்தது. நான் மெலிந்தேன். அவர் வருவார் அல்லது வரமாட்டார், இரண்டில் ஒன்றை யாராவது வாயைத் திறந்து சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது. அவர் சொல்லமாட்டார் என்று தெரிந்த பிறகுதான், நீதிமன்றமாவது சொல்லட்டும் என்று வழக்குப் போட்டேன்.

அக்காவுக்கு இதில் உடன்பாடில்லை. அவள் ஹேவாஹெட்ட பக்கம் இருக்கிறாள். விசாரணை நாளன்று விடியற்காலையில் பஸ் பிடித்து, கோயில் திருநீற்றுப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தாள். வழக்கு நல்லபடியாக முடியத்தானே கும்பிட்டாய் என்று கேட்டதற்கு, "நல்லபடியாத்தான் கும்பிட்டேன்" என்றாள். அவளுடைய நல்லபடியும் என்னுடைய நல்லபடியும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். அடை மழை. ஒரே குடைக்குள் அவளை இழுத்துக்கொண்டு நீதிமன்ற வாசலுக்குப் போனால், அங்கே எங்களுக்கு முன்பாகவே அவர் நிற்கிறார்.

முகம் மழித்து, தலை வாரி, நல்ல காரியங்களுக்கென்று வைத்திருக்கும் வெள்ளைச் சட்டை போட்டு நிற்கிறார். என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டே வந்து தன் குடையை அக்காவுக்கு மேலே பிடித்தார்.

சட்டத்தரணிக்கு முகம் வெளுத்துவிட்டது. எதிராளி வராவிட்டால், அவர் இல்லாமலே விசாரணை எடுத்து அன்றைக்கே முடித்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு. இப்படிப் புருஷனும் பெண்டாட்டியும் மச்சினியும் குடை பிடித்துக் குலாவிக்கொண்டு நின்றால், இது பேசி வைத்துக்கொண்டு வந்த வழக்கு என்று நீதிபதி தூக்கி எறிந்துவிடுவார்.

"இவர் என்னத்துக்கு வந்த?" என்று என்னைக் கேட்டார்.

"அழைப்பாணையில வரச் சொல்லி இருந்திச்சே சேர்" என்றார் என் கணவர், மிகவும் பணிவாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான்கு வருடம் நான் கூப்பிட்டு வராத மனிதர், நீதிமன்றம் ஒரு தடவை கூப்பிட்டதும் சட்டை மடிப்புக் கலையாமல் வந்து நிற்கிறார்! இது முன்பே தெரிந்திருந்தால் நானும் ஒரு அழைப்பாணை அடித்து அனுப்பியிருப்பேன்.

சட்டத்தரணி அவரைத் தோளில் பிடித்துத் திருப்பி, எதிரே இருந்த தேநீர்க் கடையைக் காட்டினார். "அங்க போய் ரெண்டு ரோல்ஸ் சாப்பிட்டு பிளேன்டி குடிச்சிட்டு இரிங்க. நான் செல்லும் வரைக்கும் இந்தப் பக்கம் தலையக் காட்ட வேணாம்." அவர் சரியென்று போனார். போகும்போது என் பக்கம் திரும்பி, "ஒனக்கு ஏதும் வேணுமா?" என்று வேறு கேட்டார். அக்கா என் இடுப்பில் குத்தினாள். "இப்படிக் கேக்குற புருஷன யாராவது கோட்டுக்கு இழுப்பாங்களாடி?"

உள்ளே எங்கள் வழக்கு வந்ததும், வாசலில் நின்ற நீதிமன்றச் சேவகர் என் கணவருடைய பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். கடை அவ்வளவு தூரமில்லை. சொன்னதைத் தட்டாத மனிதர், ரோல்ஸோடு ஓடி வந்து "இருக்கேன் சேர்" என்று நின்றால் என்ன செய்வது? வரவில்லை. வராமல் இருப்பதில் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது.

எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும் தமிழில்தான் சாட்சி சொல்ல வேண்டும் என்பது சட்டத்தரணியின் கட்டளை. முதலியார் மொழிபெயர்க்கும் நேரத்தில் அடுத்த பதிலை யோசித்துக்கொள்ளலாமாம். முதலியார் என்றால் நீதிமன்றத்து மொழிபெயர்ப்பாளர். ஒல்லியான, கண்டிப்பான பெரியவர். ஒவ்வொரு பதிலையும் சிங்களத்தில் சொல்லி நீதிபதியை "ஸ்வாமீனி", அதாவது 'பிரபுவே', என்று விளித்து முடிப்பார். மீசை வைத்த நீதிபதியைப் பார்த்து, தமிழ்க் காதுக்குப் பெண் பெயர்போலக் கேட்கும் அந்த ஸ்வாமீனியைச் சொல்லும்போதெல்லாம், சிரிப்பு வராமலிருக்க நான் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

பெயர், ஊர், கலியாணம் முடித்தது எல்லாம் நன்றாகவே போனது. அப்புறம் சட்டத்தரணி, "அவர் வீட்டை விட்டுப் போகும்போது உங்களிடம் என்ன சொன்னார்?" என்று கேட்டார். ஒத்திகையில் இதற்கு 'ஒன்றும் சொல்லவில்லை' என்பதுதான் பதில். ஆனால் சத்தியம் செய்துவிட்டு நிற்கிறேன். வாய் தானாகத் திறந்தது.

"போயிட்டு வாறேன்னு சொன்னாரு."

முதலியார் அதை அப்படியே சிங்களத்தில் போட்டார்: "கிஹில்லா என்னங்." நீதிபதியின் பேனா நின்றது. சட்டத்தரணி கூரையைப் பார்த்தார்.

திரும்பி வருவதாகச் சொல்லிப் போனவர் கைவிட்டுப் போனவர் ஆவாரா என்று நீதிபதி கேட்டார். திரும்பி வராத எண்ணத்தோடு போயிருந்தால்தானே அது கைவிடுதல்? நியாயமான கேள்வி. வீட்டிலிருந்து புறப்படும் எவரும் எங்களில் 'போறேன்' என்று சொல்லமாட்டார்கள். அது ஆகாத சொல். மரத்தடிக்குப் போகிறவரும் மத்திய கிழக்குக்குப் போகிறவரும் 'போயிட்டு வாறேன்' என்றுதான் சொல்வார்கள். இந்த மரியாதைப் பேச்சில் என் வழக்கு கவிழப் போகிறது என்று தெரிந்தது.

"அவர் வருவார் என்று நீங்கள் நம்பினீர்களா?" என்று முதலியார் நீதிபதியின் கேள்வியைத் தமிழில் தந்தார்.

"கருவாடு வாங்கி வச்சேன் சேர்" என்றேன்.

முதலியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் கருவாட்டையும் மொழிபெயர்த்தார். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை. "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வாங்கினேன். கூப்பிட்டா வாறேன்னு சொல்வாரு. வரமாட்டாரு. மறுபடி கூப்பிடுவேன். வாறேன்னு சொல்வாரு. நம்பினேன் சேர். ரெண்டு வருஷம் நம்பினேன். இப்ப நம்பல. அவரு வரமாட்டாரு."

அந்தக் கடைசி வார்த்தையை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, என்னிடம்கூட. முதலியார் அதைச் சிங்களத்தில் சொன்னபோது இன்னொரு தடவை கேட்க வேண்டியிருந்தது. இரண்டு மொழியிலும் அது உண்மையாகத்தான் இருந்தது. அழுகை வந்தது, அழுதேன். நீதிபதி காத்திருந்தார். பிறகு, தங்கள் சிங்கள வீடுகளிலும் 'போகிறேன்' என்று யாரும் சொல்வதில்லை, அதை வாக்குறுதியாக எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினார். விவாகரத்துக் கிடைத்துவிட்டது, மூன்று மாதத்தில் தீர்ப்பு முற்றாகும் என்றார்கள். அக்கா திருநீற்றுப் பொட்டலத்தைக் கைப்பைக்குள் வைத்து மூடினாள்.

தேநீர்க் கடையில் அவர் எனக்கும் ஒரு பிளேன்டி சொல்லி, அது ஆறாமல் மேலே சாசரை மூடி வைத்திருந்தார். "முடிஞ்சிச்சா?" என்றார். முடிந்தது என்றேன். "என்னயப் பத்தி என்னா சொன்ன?"

"வன்மம் புடிச்சவருன்னு."

"நானா?" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். அதற்காகவும் எனக்கு அவர் மேல் கோபம் வந்தது.

புசல்லாவை வழியாகப் போகும் நுவரெலியா பஸ் அந்தக் கடைப் பக்கமாகத்தான் வரும். பஸ் ஹோல்டில் அவரோடு நின்றேன். அக்கா எதிர்ப் பக்கத்தில், கண்டி டவுனுக்குப் போகும் பஸ்ஸுக்காக ஒதுங்கியிருந்தாள். பஸ் தூரத்தில் தெரிந்ததும் அவர் என்னைப் பார்த்து, "அப்ப, போயிட்டு..." என்று ஆரம்பித்து, அங்கேயே நின்றுவிட்டார்.

"சொல்லுங்க" என்றேன். "இன்னிக்காவது சரியாச் சொல்லிட்டுப் போங்க."

அவர் வாயைத் திறந்தார், மூடினார். 'வாறேன்' என்று சொல்ல இனி முடியாது. 'போறேன்' என்று சொல்ல நாக்கு எழவில்லை. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். அது மழையா வேறு எதுவுமா என்று தெரியவில்லை. எனக்கு, பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல் நின்றேன்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு, போகிறாரா இல்லையா என்று பொறுமையில்லாமல் கத்தினான். "யனவாத மாத்தயா?"

"யனவா, யனவா" என்று சொல்லிக்கொண்டே என் கணவர் ஏறிப் போய்விட்டார்.

நான் வீதியைக் கடந்து அக்காவிடம் போனேன். "என்னடி, கடைசியா ஏதும் சொன்னாரா?" என்று கேட்டாள்.

"போறேன்னு சொன்னாரு."

"அவரா? வாயால?"

"ஓ" என்றேன். "என்கிட்ட இல்ல, கண்டக்டர்கிட்ட."