அவள் செய்த தேயிலை விளையாட்டு

குன்னூர் டீக்கடையில் எனக்கு எதிரே மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த பெண், ஸ்வெட்டர் கையைக் கடித்துக்கொண்டே இருந்தாள். இரண்டே நாளில் ஒரு கணினி விளையாட்டைச் செய்து அனுப்பும் போட்டியாம். ஐந்து மணிக்குக் கெடு, இன்னும் அரைமணிதான்.

“ஏனுங்கண்ணா, ஒருக்கா ஆடிப் பாருங்க. எத்தன எல பறிக்கறீங்களோ, அத்தன பாயிண்ட்டு.”

திரையில் இருந்த தேயிலைச் செடியில் கூச்சத்தோடு பறித்தேன். பாதியில் விரல் நின்றது.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

“கொழுந்து தீந்துதுங்க அம்மிணி. மிச்சத்தையும் உருவுனா செடி வாடிருமுங்க.”

“கம்ப்யூட்டர்ல எங்கீங்க வாடுது!” என்று சிரித்தவள், கடிகாரத்தைப் பார்த்தாள். மளமளவென்று தட்டினாள். முற்றிய இலையைப் பறித்தால் செடி வாடும்படி மாற்றி, கெடுவுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அனுப்பிவிட்டாள்.

“இப்பத்தானுங்க இது விளையாட்டு.”

ஜெயித்தாளா, தெரியாது. பச்சை இலை விலை விழுந்த அந்த மாதம், எடைக்காக என் தோட்டத்தில் முற்றிய இலையையும் உருவிக்கொண்டிருந்தவன் நான். அவளுடைய செடியில் மட்டும் உருவ ஏன் கை வரவில்லை என்று இன்றும் விளங்கவில்லை.