ருசி பார்த்தே ஏறிய ஐந்து கிலோ

திருப்பதியில் நான் டயாலிசிஸ் டெக்னீஷியன். எங்கள் யூனிட்டுக்கு வருபவர் முதலில் ஏறுவது எடை மெஷினில்தான். கிட்னி கைவிட்டால், குடித்த தண்ணீர் வெளியே போகாமல் எடையாக ஏறும். மிகுநீர் இல்லாத உடம்பின் எடைதான் 'ட்ரை வெயிட்'; அதற்கு மேல் உள்ளதை நாங்கள் மெஷின் வழியே இழுக்க வேண்டும்.

நகரி முனிரத்தினம் கல்யாணச் சமையல்காரர். முகூர்த்த மாதத்தில் ஒரு நாள் ஐந்து கிலோ ஏறி, மூச்சு வாங்க வந்து நின்றார்.

"எவ்ளோ தண்ணி குடிச்சீங்க?"

"தண்ணிய கண்ணால கூட பாக்கல சார். உங்க மெஷினு பொய் சொல்லுது."

அவர் மனைவி கிரிஜா குறுக்கிட்டார். "வீட்ல நான் அளந்துதான் தர்றேன் சார். கல்யாணத்துலதான் அண்டா அண்டாவா உப்பு பாத்துக்கினு இருக்காரு."

"ருசி பாக்கறது துன்றதுல சேராது," என்றார் அவர்.

உள்ளங்கையில் ஊற்றி நக்கிய சாம்பாரின் உப்பு தாகத்தைக் கிளப்பும். தாகத்துக்கு மோர். மோரும் அவர் கணக்கில் தண்ணீர் இல்லை.

மறுநாள் புத்தூரில் கல்யாணம். "அஞ்சையும் இன்னிக்கே இழுத்துடு சார்," என்று அடம்பிடித்தார். மூன்று இன்று, மீதி நாளை என்றார் டாக்டர். மூன்று முடியும் முன்பே கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது, பி.பி. சரிந்தது. இழுப்பதை நிறுத்தி, சலைன் விட்டு, காலை நீவிவிட்டேன். கை தூக்கக்கூடத் தெம்பில்லாமல், "கல்யாணம்..." என்றார்.

"நான் போறேன். நீ நாளிக்கும் இங்கியே வா," என்றார் கிரிஜா.

மறுநாள் அவருக்கு இடது கையில் ஊசி, வலது கையில் போன், ஸ்பீக்கரில் கிரிஜா.

"சாம்பார வாயில வெச்சிப் பாரு. உப்பு எப்டி?"

"இருக்குது."

"இருக்குதுன்னா இன்னா? எவ்ளோ இருக்குது?"

"போதுமானது இருக்குது."

சாம்பார் பேச்சை நிறுத்தச் சொல்லி, தாகம் தாங்காமல் பக்கத்துப் படுக்கைக்காரர் தெலுங்கில் கெஞ்சினார்.

"ரசத்துல மொளகு..."

"பந்தி போட்டாச்சு. போன வெய்யி."

போனை நெஞ்சில் வைத்தவர், அப்படியே தூங்கிப்போனார்.

அடுத்த முறை எடை இரண்டு கிலோதான் ஏறியிருந்தது. ருசி பார்ப்பது இனி கிரிஜாவின் வேலையாம். அதிலிருந்து புதிதாக வருபவரிடம் எவ்வளவு குடித்தீர்கள் என்பதற்கு முன், என்ன வேலை செய்கிறீர்கள் என்றுதான் கேட்கிறேன். இந்த வேலையில் இருந்தால் நீங்களும் கேளுங்கள்.

எடை குறைவாக ஏறியும் முனிரத்தினம் முகம் சுருங்கியே இருந்தது. "இன்னும் அசதியா?" என்றேன்.

"அசதி இல்ல சார். சாம்பாரு பிரமாதம்னு சொல்லிக்கினு போனாங்களாம். அதான் தூக்கம் வரல."