பத்து நிமிடம் முந்திய கம்ப்யூட்டர்

சாயங்கால ரயிலைப் பிடிக்கப் பூங்குழலி ஓடி வந்தால் ஆம்பூர் ஸ்டேஷன் நாய்கள் எழுந்து வழிவிடும். கார்டு பச்சைக் கொடியை மடக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பார். பொய்யென்றால் என் மூக்குக்கண்ணாடி உடையட்டும். இதற்கு முன் மூன்று உடைந்திருக்கின்றன, அது வேறு விஷயம்.

ஓட்டத்துக்குக் காரணம், குடியாத்தத்தில் இருக்கும் நான்கு வயது மகள். கணவன் லாரியோடு குஜராத் பக்கம் போனால் வர மாதமாகும். பக்கத்து வீட்டு சுகரா பேகம்தான் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். அந்த ரயிலை விட்டால், அடுத்தது வருவதற்குள் குழந்தை அழுதே தூங்கிவிடும்.

பூங்குழலிக்கு ஷூ கம்பெனி ஆபீசில் வேலை. இன்னும் நிரந்தரமாகவில்லை. இந்த நேரம் பார்த்து ஒரு ஜெர்மனிக்காரன், புது ஷூவின் அளவுகளைப் பூட்டுப் போட்ட ஃபைலாக அனுப்பி வைத்தான். அவள் கம்ப்யூட்டரில் அரை நிமிடத்துக்கு ஒரு முறை மாறும் எண் ஒன்று தோன்றும். அதை அடித்தால் பூட்டுத் திறக்க வேண்டும். எத்தனை தரம் அடித்தும் முதல் பக்கத்து ஷூ படம் மட்டும் வந்தது. மீதியெல்லாம் வெறும் சாம்பல் கட்டம்.

மேனேஜர் உமர் ஃபாரூக் அவள் மேஜைக்கே வந்துவிட்டார்.

"இன்னாம்மா, நம்பரப் பாத்து அடிக்கத் தெரியாதா? இன்னிக்குள்ள தொறக்கலன்னா ஆர்டர் போய்டும். அப்புறம் உன்ன வேலைல வச்சிக்கச் சொல்லி மேல எப்படிப் பேசறது நான்?"

வேலூரிலிருந்து ரிப்பேர்காரர் இன்பராஜ் பைக்கில் வந்து சேர்ந்தார். எந்த நோய்க்கும் அவர் தரும் முதல் மருந்து, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது. இரண்டாவது மருந்து டீ. இரண்டுக்கும் அந்த ஃபைல் மசியவில்லை.

அப்போது பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு ஒலித்தது. உமர் ஃபாரூக்கின் கண் திரை மூலையில் ஓடும் கடிகாரத்துக்குப் போனது.

"இன்னா இது, பாங்கு பத்து நிமிஷம் லேட்டு?"

இன்பராஜ் தன் செல்போனைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

"பள்ளிவாசல் கரெக்டு பாய். ஒங்க கம்ப்யூட்டர்தான் முந்திக்குது. நாளைக்கான டோக்கன இன்னிக்கு நீட்னா ரேஷன்ல அரிசி போடுவானா? பத்து நிமிஷம் கழிச்சி வரவேண்டிய நம்பர இது இப்பவே குடுத்துட்டிருக்கு."

நேரத்தைச் சரிசெய்து எண்ணை அடித்ததும் பக்கங்கள் மளமளவென்று நிறைந்தன.

"டைம யாரு மாத்துனது?" என்றார் உமர் ஃபாரூக்.

பூங்குழலியின் முகம் வெளுத்ததை இன்பராஜ் கவனித்தார். "உள்ள பேட்டரி வீக்கு பாய். அதுவா ஓடியிருக்கும்."

பேட்டரி செத்தால் கடிகாரம் பின்தங்குமே ஒழிய முந்தாது. நல்ல மனசுக்காரர்தான், பொய்தான் கைவரவில்லை.

"நாந்தான் சார் மாத்தனேன்" என்றாள் பூங்குழலி. "இதப் பாத்துதான் எழுந்து ஓடுவேன். இல்லன்னா வண்டி போய்டும். குழந்த அழும்."

"அப்ப தெனம் பத்து நிமிஷம் கம்பெனிய ஏமாத்தியிருக்க!"

"காலைல வர்ற வண்டி ஏழே முக்காலுக்கே கொண்டாந்து விட்டுடுது சார். எட்டு மணிக்கு கேட்டு தொறக்கற வரைக்கும் வெளியதான் நிக்கறேன். அது எந்தக் கணக்குலயும் வரல."

உமர் ஃபாரூக் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு வாட்ச்மேனுக்குப் போன் போட்டார்.

"சர்தார் பாஷா, நாளையிலேர்ந்து பூங்குழலி வந்ததும் கேட்டத் தொறந்து உள்ள வுடு. சாயங்காலம் பத்து நிமிஷம் முன்ன கெளம்பும். ஒண்ணும் கேக்காத."

போனை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"மேல நான் பேசிக்கறேன். நீ மொதல்ல கட்டிங் செக்ஷனுக்கு அளவ அனுப்பு. தோல விரிச்சி வச்சிக்கிட்டு அங்க எல்லாரும் என்னத் திட்டிட்டிருக்காங்க."