பின்கதவின் வலது மூலை

எங்கள் ஜாக்மெல் ஊரில், உடம்பெல்லாம் படம் வரைந்த எந்த டாப்டாப் பயணி வண்டியில் ஏற ஜனம் முண்டியடிக்கிறதோ, அதன் பின்கதவைப் பாருங்கள். வலது மூலையில் 'ஓசெலியா' என்று இருக்கும். அந்தப் பெயர் முதலில் ஏறியது நான் ஓட்டுகிற வண்டியில். சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான், இருக்கட்டும்.

அதுவரை லாட்டரிக் கடைச் சுவரும் சலூன் பலகையும்தான் ஓசெலியாவுக்கு வரையக் கிடைத்தன. வண்டி என்றால் ஆண்கள்தான் வரைவார்கள். அழகான வண்டியாகப் பார்த்து ஏறுகிற ஊர். எந்த முதலாளிக்கும் துணிச்சல் வரவில்லை. கார்னிவல் சமயத்தில் வழக்கமான ஓவியன் கையை உடைத்துக்கொண்டதால்தான் தெராவில் என்ற எங்கள் முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

"பின்கதவுல சிங்கம் போடு. உன் பேர மட்டும் போட்டுடாத. பொம்பள வரைஞ்சதுன்னா ஒருத்தனும் ஏறமாட்டான்."

"வரைஞ்சவங்க பேரு இல்லாத வண்டி நம்மூர்ல ஏது மொதலாளி?"

"இனிமே இருக்கும்," என்று சொல்லிவிட்டுத் தலைநகருக்குப் போய்விட்டார்.

சந்தை நாளன்று காலையில் பின்கதவை மூடியிருந்த துணியை அவள் விலக்கினாள். சிங்கம் இல்லை. தலையில் கோழிக்கூடையோடு, இடுப்பில் கைவைத்து முறைக்கிற ஒரு சந்தைக்காரி! வலது மூலை வெறும் நீலம். அவளையும் ஏற்றிக்கொண்டு நிறுத்தத்துக்கு ஓட்டினேன்.

அங்கே எர்மீத் என்ற மீன்காரிதான் முதலில் பார்த்தாள்.

"அடியே, இது நான்டி!"

"ஒனக்கேதுடி இந்த இடுப்பு? அது நான்," என்றாள் வாழைக்காய்க்காரி கிளோத்.

சண்டை போட்டுக்கொண்டே எல்லாரும் ஏறினார்கள். பக்கத்துச் சிங்க வண்டிகள் காலியாக நின்றன.

அப்போது முதலாளி கறுப்புப் பெயின்ட் டப்பாவோடு வந்து சேர்ந்தார். யாரோ வத்தி வைத்திருக்கிறார்கள்.

"எவ இவ, என் கதவுல?"

"நாங்கதான்!" என்று வண்டியே கத்தியது. எர்மீத் தலையை நீட்டினாள். "அழிச்சுத்தான் பாரேன். எங்க கூடை ஒண்ணுகூட இனி ஒன் வண்டியில ஏறாது. அது சரி, வரைஞ்ச ஆளு பேரு எங்க?"

முதலாளி வண்டியைப் பார்த்தார். ஓரமாகத் தூரிகையோடு நின்ற ஓசெலியாவைப் பார்த்தார். டப்பாவைக் கீழே வைத்தார்.

"எழுதித் தொலை."

அவள் அவசரப்படவே இல்லை. வண்டி கொஞ்சம் தாமதித்தாலே என் பரம்பரையை இழுக்கிற பெண்கள், கூடைகளை விட்டுவிட்டு இறங்கி வந்து நின்றார்கள். படிக்கத் தெரிந்த ஒருத்தி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். தெரியாதவர்கள் அவளைவிடச் சத்தமாகச் சொன்னார்கள்.