கருமாதி வீட்டில் மாட்டிய நீல விளக்கு

பதுளை பசாரில் பூச்சி கொல்லும் மின்விளக்கை முதன்முதலில் மாட்டியவன் நான்தான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன், தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து ஒரே சட்டையோடு இறங்கிச் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை போட்டவன். அந்த மெஷினைக் கழற்றித் துடைக்கக்கூட வேறு ஆளைத் தேடமாட்டேன். நடுவில் நீல வெளிச்சம், சுற்றிலும் கரண்டு ஓடும் கம்பிகள். வெளிச்சத்தைப் பார்த்து வரும் பூச்சி இரண்டு கம்பிகளையும் சேர்த்துத் தொட்டால் 'பட்'டென்று கருகிக் கீழே தட்டில் விழும். சாப்பிட வருபவர்களுக்கெல்லாம் இதை விளக்கிச் சொல்வேன்.

தெமோதரைப் பக்கம் கொழுந்து பறிக்கும் என் தங்கைக்கு ஒரே மகள். "ஒம் மக மலையேற வேணாம், நான் பாத்துக்கிறேன்" என்று கூட்டி வந்து கல்லாவில் உட்கார வைத்தவனும் நான்தான். மூன்று வருடம் இருந்தாள். போன மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சல். ஐந்தே நாள்.

கருமாதிக்கு முந்தின சாயங்காலம் கடை மெஷினைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போனேன். அந்தப் பிள்ளையின் வீட்டில் இனி ஒரு கொசு இருக்கக்கூடாது என்று வெறி. வாசல் நிலைக்கு மேலே மாட்டினேன்.

"என்னாங்க மொதலாளி, கடை டீவியக் கொண்டாந்துட்டீங்களா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"இருந்து பாருங்க. ஒரு கொசு தப்பாது."

உள்ளே அவள் படத்துக்கு முன்னால் படையல், குத்துவிளக்கு. அன்றைக்கு நாங்கள் கதவைச் சாத்துவதில்லை. விளக்கைத் தேடி வரும் விட்டில்பூச்சியை விரட்டுவதுமில்லை; செத்துப்போனவரே வீட்டைப் பார்க்க வருகிறார் என்பது நம்பிக்கை. அதே லயத்தில் பிறந்த எனக்குத் தெரியாததா? மாட்டுகிற மும்முரத்தில் அந்த நினைப்பே வரவில்லை.

தங்கை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு மஞ்சள் விட்டில் வந்தது. "வந்துட்டா" என்று எழுந்தாள். நிலைவரைக்கும் வந்தது, சட்டென்று மேலே நீல வெளிச்சத்துக்குத் திரும்பியது. பட்.

நான் பாய்ந்து வயரைப் பிடுங்கினேன். கருகாமல் மிஞ்சிய ஒற்றை இறகைத் தங்கை தட்டிலிருந்து எடுத்து விளக்கடியில் வைத்தாள்.

"இருந்தவள ஒங்க கடைக்குக் கூட்டிட்டுப் போனீங்க. வந்தவளையும் விடலையேண்ணே."

அப்போதும் என் கணுக்காலைக் கொசு கடித்துக்கொண்டுதான் இருந்தது. கொசு அந்த வெளிச்சத்தைப் பெரிதாகச் சட்டை செய்யாது, நம் மூச்சையும் உடம்பு வாசனையையும் தேடித்தான் வரும் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எத்தனை வருடம் அந்தத் தட்டைத் துடைத்திருப்பேன்! அதில் விழுந்து கிடப்பது என்ன பூச்சி என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தெமோதரைக்குப் போகிறேன். தேத்தண்ணீர் தருவாள், பேசுவாள். பொழுது சாயத் தொடங்கினால் மட்டும், "பஸ்ஸு போயிரும்ணே" என்று என் குடையை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவாள். நான் படியிறங்கிய பிறகுதான் விளக்கேற்றுகிறாள்.