மூன்றாம் அறை காலி

1958 செப்டம்பர் 9, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2.10. மலாக்கா, காஜா பெராங்கில் ஒரு முதியோர் விடுதியில் மூட்டைப்பூச்சிக்குக் கந்தகப் புகை போட்டு, கதவுகளை அடைத்தோம்.

யாரோ சொல்லிக் கேட்டதல்ல இது. அந்தக் கதவு இடுக்கில் பசைத்தாள் ஒட்டியது என் கை.

புகைக்கு முன் ஒரு வழக்கம் உண்டு. விடுதிப் பொறுப்பாளர் அறை அறையாகப் போய், ஆள் இல்லை என்று பார்த்து, 'கோசோங்' என்று கத்த வேண்டும். மலாயில் காலி என்று பொருள். மூன்று அறை, மூன்று கோசோங். பிறகுதான் கந்தகச் சட்டியில் நெருப்பு.

பொறுப்பாளர் தம்பிராஜா முற்றத்தில் நின்றபடியே கொட்டாவி விட்டார். "கோசோங்லா... அடைச்சிடு."

விடுதியின் பதினொரு பேரும் மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பாக்கியலட்சுமி அம்மாள் சிரித்தார். "உள்ள போய்ப் பாத்தா காலு தேஞ்சிடுமா மேனேஜர்?"

அப்போது உள்ளே ஒரு கட்டில் கிறீச்சிட்டது.

என்னோடு வேலை செய்த ரஹீம் நிமிர்ந்தான். "அண்ணே, கேட்டுச்சா?"

"எலிடா," என்றார் தம்பிராஜா. ஆனாலும் எரிச்சலோடு உள்ளே போனார். பார்த்து முடித்துப் பின்கதவால் வெளியேறுவதுதான் முறை.

முதல் கோசோங். இரண்டாவது.

மூன்றாவது சற்றுத் தாமதித்து வந்தது... முற்றத்தில் சொன்னதைப் போலவே. கொட்டாவியோடு.

பின்கதவு சாத்தும் சத்தம். டப்.

ரஹீம் பின்னால் ஓடி, வெளித்தாழ்ப்பாள் போட்டுத் தாள் ஒட்டினான். நான் கூடத்துச் சட்டியைப் பற்றவைத்து முன்கதவை அடைத்தேன்.

"மேனேஜர் எங்கடா?"

"ஜாலான் பெண்டஹாரா கடைக்கு டீ குடிக்கப் போயிருப்பாருண்ணே."

நான்கு மணி நேரம். முன்கதவுக்கு ஐந்தடி தள்ளி உட்கார்ந்திருந்தோம்.

ஒரு தட்டல் இல்லை. ஒரு குரல் இல்லை.

6.20. திறந்தோம்.

முன்கதவடியில் உட்புறமாகத் தம்பிராஜா கிடந்தார். உயிர் இல்லை. கதவின் உட்புறம் முழுக்க நகக் கீறல். ஒரு பலகையே பிளந்திருந்தது. அவர் கை இரண்டும் இரத்தம்.

எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை...

பாக்கியலட்சுமி அம்மாள் எட்டிப் பார்த்தார். அழவில்லை. "அஞ்சலையும் இப்படித்தான்," என்றார்.

முந்திய ஆண்டுப் புகையின்போது மூன்றாம் அறைக் கட்டிலில் அஞ்சலை இருந்திருக்கிறார். பக்கவாதம், வாய் பேச வராது. அன்று தம்பிராஜா உள்ளே போகாமல், முற்றத்தில் நின்றே மூன்று கோசோங்கும் சொல்லியிருக்கிறார். ஆஸ்துமாவில் இறந்ததாக எழுதிவிட்டார்கள்.

மரண விசாரணை விபத்து என்று முடிந்தது. பதினொரு பேரையும் உஜோங் பாசிரில் வேறொரு விடுதிக்கு மாற்றினார்கள்.