ஒரு ‘ழு’வுக்கு இரண்டு மனு

அந்த ‘ழு’வைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஃபோன் பேசவும் இன்டர்நெட் பார்க்கவும் ஆட்கள் வருகிற ஒரு கொமியூனிகேஷன் கடையில் அப்போது வேலை செய்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருசங்கள். ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு பிளேன்டீ குடித்து முடித்துவிடலாம். அந்த வேகத்தில் தமிழ் எழுத்துருக்களாக இறக்கி இறக்கிப் பார்த்து, நாற்பதுக்கு மேல் கழித்துக் கட்டியிருந்தேன். ஒன்று வளைத்த கம்பி மாதிரி இருந்தது, ஒன்று கல்யாணக் கார்டு மாதிரி. இது வேறு. கீழே இறங்கிய வளைவு, சும்மா ஒரு எத்து எத்தி மேலே நிமிர்ந்தது. “ஐயோ, இதுதான்டி!” என்று எனக்கு நானே கத்திவிட்டேன். ஃபோன் கூண்டுக்குள் பேசிக்கொண்டிருந்தவர் தலையை நீட்டிப் பார்த்தார்.

பெயரையே சின்னமாக எழுதிப் போட இப்படி ஒரு எழுத்து தேவைப்பட்டது ‘கொழுந்து’க்கு. தமிழில் கடிதம் அடிக்கிற ஒரு மென்பொருளுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் அது. ஐந்து பேர் சம்பளம் இல்லாமல் செய்துகொண்டிருந்தோம். யாரும் எடுக்கலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். மற்ற நாலு பேருக்கும் நிரல் எழுதத் தெரியும். எனக்குத் தெரியாது. சின்னம் மட்டும்தான் என் பங்கு. அதுவும் போனால், வெளிவரப்போகிற சீடியில் இது நான் செய்தது என்று காட்ட ஒரு புள்ளிகூட இருக்காது.

எங்களைக் கூட்டிச் சேர்த்தவர் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்த யாழ்ப்பாணத்து சேர். வேலை முடிந்து கடைக்கு வந்தவர், திரையைக் குனிந்து பார்த்தார்.

“நல்ல வடிவாத்தான் இருக்கு பிள்ளை. உரிமம் என்ன மாதிரி?”

“உரிமமா? சும்மாதானே சேர் கெடச்சுச்சு!”

“சும்மா கிடைச்சா எங்கட ஆகிடுமோ?”

எழுத்துருவோடு ஒரு சின்ன ஃபைலும் இறங்கியிருந்தது. நான் அதைத் திறக்கவே இல்லை. அவர் திறந்தார். சொந்தப் பாவனைக்கு மட்டும், பிறருக்குக் கொடுக்கக் கூடாது என்று இருந்தது. எங்கள் சின்னத்தையும் யாரும் திறந்து மாற்றலாம் என்றால், எழுத்துருவும் சீடியில் கூடவே போக வேண்டும்.

“வாற வெள்ளி சீடி அடிக்கக் குடுக்கிறம். அதுக்குள்ள சரிவராட்டி அந்தக் கம்பி எழுத்தையே போடுவம்” என்றார்.

கம்பி எழுத்தாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுத்துருவைச் செய்தவரின் ஈமெயில் முகவரி அந்த ஃபைலிலேயே இருந்தது. அவருக்கே எழுதினேன்.

எப்படி எழுதினேன் என்று சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பத்து வயதிலிருந்து எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் தோட்டத் துரைக்கு மனு எழுதிக் கொடுக்கிறவள் நான்தான். எனக்குத் தெரிந்த ஒரே கடிதம் அதுதான். ‘கனம் பொருந்திய ஐயா அவர்களின் மேலான சமூகத்துக்கு’ என்று தொடங்கினேன். அப்பா ஹாலிஎல பக்கத்துத் தோட்டத்தில் எத்தனை வருசம் வேலை செய்தார், வீட்டில் எத்தனை உருப்படி, மழை பெய்தால் கூரை எந்த மூலையில் ஒழுகும், எல்லாம் எழுதி, ஆகையால் ஐயா அவர்கள் மனமிரங்கி மேற்படி எழுத்துருவைப் பாவிக்க அனுமதி தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொண்டேன்.

இரண்டாம் நாளே பதில் வந்துவிட்டது. ‘முதலில், நான் ஐயா இல்லை, அம்மா. இரண்டாவது, தாராளமாகப் பாவியுங்கள். உங்களுக்கு இல்லாததா?’

கடைக்குள் ஒரு சுற்று ஆடினேன். சேர் வந்ததும் பிரின்ட் எடுத்து நீட்டினேன். அவர் இரண்டு தரம் வாசித்தார்.

“இது காணாது, பிள்ளை.”

“என்னாங்க சேர் பத்தாது? அவங்களே குடுத்துட்டாங்களே!”

“உமக்குத் தந்திருக்கிறா. உம்மட்ட இருந்து வாங்குறவனுக்குத் தரேல்ல.”

“நீங்க ஒரு நாளும் ஆமான்னு சொல்லவே மாட்டீங்களா?” என்று சத்தம் போட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஹாலிஎல பஸ்ஸில் ஏறினேன். கோபத்தில் மிச்சக் காசு வாங்கவும் மறந்துபோனேன்.

பஸ் வளைவுகளில் ஆடிக்கொண்டு போகும்போதுதான் அந்தத் தண்ணீர்க் குழாய் ஞாபகம் வந்தது. என் முதல் மனுவுக்குக் கிடைத்த குழாய். வாசலுக்குக் கிட்ட ஒரு குழாய் வேண்டும் என்று எழுதினேன். வந்தது, எங்கள் வாசலுக்கு மட்டும். “ஒங்களுக்கு மட்டும் வாங்கிக்கிட்டீங்களே, நல்லா இருங்க” என்று அடுத்த காம்பரா வீட்டுக்காரம்மா குடத்தோடு நின்றபோது அம்மாவுக்கு முகம் செத்துப்போனது. “போயி எல்லாருக்கும் சேத்து எழுதுடி” என்று என்னை விரட்டினார். அடுத்த மனுவில் லயம் முழுக்கக் கையெழுத்து வைத்தது. அதில் யாரும் கெஞ்சவில்லை. எங்களுக்கு வேண்டும் என்று மட்டும் இருந்தது.

அடப் பாவி, இப்பவும் குழாயை என் வாசலுக்கு மட்டும்தானே கேட்டிருக்கிறேன்!

மறுநாள் காலையில் கடை திறந்ததும் அடித்தேன். கனம் பொருந்திய எதுவும் இல்லை. ‘அம்மா, எனக்கு மட்டும் வேண்டாம். இந்த எழுத்தை யாரும் பாவிக்க, மாற்ற, அடுத்தவருக்குக் கொடுக்க விடுங்கள். அப்படி முடியாவிட்டால் எனக்கும் வேண்டாம்.’ அனுப்பிய பிறகு அவருடைய பழைய பதிலை இன்னொரு தரம் திறந்து பார்த்தேன். தந்ததையும் கெடுத்துக்கொண்டேனோ?

புதன்கிழமை பதில் வரவில்லை. வியாழன் மத்தியானம், யாரோ ஒருவருக்கு மொனராகலைக்கு ஃபோன் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, வந்தது. கூடவே ஒரு புதிய உரிம ஃபைல். இனி யாரும் பாவிக்கலாம், மாற்றலாம், கொடுக்கலாம். வந்துருச்சு, வந்துருச்சு என்று நான் போட்ட கூச்சலில் மொனராகலைக்காரருக்கு ஒன்றும் கேட்காமல் போயிற்று. சேருக்குக் கச்சேரிக்கே ஃபோன் பண்ணி வாசித்துக் காட்டினேன். “இப்ப ஆம்” என்றார் மனுசன்.

ஃபோனை வைத்துவிட்டு மறுபடி ஆசையாக வாசித்தபோதுதான், கடிதத்தின் அடியில் இன்னொரு வரி இருந்ததைக் கண்டேன். ‘கூரை இன்னும் ஒழுகுகிறதா?’

துரைமாருக்கு எத்தனையோ கூரை மனு எழுதியிருக்கிறேன். ஒருவராவது இப்படித் திருப்பிக் கேட்டதில்லை. கடையில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கொழுந்தைத் திறந்து, அந்த அம்மாவின் எழுத்திலேயே அடித்து, பதிலோடு இணைத்து அனுப்பினேன்.

‘ஒழுகுதுங்கம்மா.’